மணிமொழி பாங்காக் போகிறாள்

“சார்! குடையைக் கொஞ்சம் பார்த்து மடக்கக் கூடாதா?”

மணிமொழி போட்ட சத்தத்தில், சான்றிதழ்களுக்கு அட்டெஸ்டேஷன் முத்திரை வாங்கித் தரும் தி. நகர் அலுவலகத்தின் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்ற இளைஞனின் குடையிலிருந்து கொட்டிய மழைத்தண்ணீர், அவள் கையிலிருந்த பட்டச் சான்றிதழில் விழுந்து, பல்கலைக்கழக முத்திரையை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது...

“ஐயோ, ஸாரிங்க... கவனிக்கல...”

“உங்க ஸாரியை வெச்சுக்கினு நான் இன்னா பண்றது? இது இல்லாட்டி எனக்கு விசா கிடையாது. விசா இல்லாட்டி வேலை கிடையாது!”

பாங்காக்கில் மூன்று வருடம் கணக்கு டீச்சராக இருந்தும், கோபம் வந்தால் அவள் நாக்கு நேராக அடையாற்றங்கரைக்கே போய்விடும். அங்கேதான் பிறந்தாள். பிறகு குடிசைகளை இடித்து, எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அம்மா செண்பகம் அங்கிருந்தே அடையாறு வீடுகளுக்கு வேலைக்கு வந்து, மகளை எம்.எஸ்ஸி., பி.எட். படிக்க வைத்தாள்.

அவன் சான்றிதழைப் பிறந்த குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான்.

“வாங்க. எங்க கடை பக்கத்துலதான். காய வெச்சுடலாம்.”

“ஹலோ... என் டிகிரிங்க அது!”

அவள் அவன் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

அது ஒரு பட்டுப்புடவைக் கடை. கல்லாவிலிருந்த அவன் அப்பா பொன்ராஜ், “ஏல செம்பியா, பட்டை விரிக்கிற எடத்துல காயிதத்தை விரிக்க?” என்றார். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் அவர் பேச்சு மட்டும் மாறவில்லை.

செம்பியன் காதில் வாங்கவில்லை. மேலும் கீழும் வெள்ளைத் துணி வைத்து, உள்ளங்கையால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தான். என்ன நிதானமான விரல்கள்... மணிமொழி சான்றிதழைத்தான் பார்க்க வந்தாள். ஆனால்...

அவன் நிமிர்ந்தான். மழை நின்ற பிறகும் இலை நுனியில் தயங்கும் கடைசிச் சொட்டு மாதிரி ஒரு பார்வை!

“ஒண்ணும் கலையல. பாருங்க... மணிமொழி. நல்ல பேரு.”

“காய வெக்கிறேன்னு சொல்லிட்டுப் படிக்கிறீங்களா?”

“பெரிய எழுத்துல போட்டிருக்காங்களே... நான் என்ன பண்ண?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு பனகல் பார்க் வாசலிலும், ஆழ்வார்பேட்டை காபிக் கடையிலும் தொடர்ந்தது. அவள் கவலையையும் அவனிடம் சொன்னாள். பாங்காக்கிலேயே ஒரு பெரிய பள்ளி, கணக்குத் துறைக்குத் தலைவியாக அவளைக் கூப்பிட்டிருக்கிறது. ஜனவரியில் சேர வேண்டும். ஆனால் பழைய பள்ளி, அவளுடைய வேலை அனுமதியை ரத்து செய்து விடுவிப்புக் கடிதம் கொடுத்தால்தான் புதிய பள்ளி விசாவுக்கு வழி செய்ய முடியும். பழைய முதலாளியோ, இன்னும் ஒரு வருடம் இரு என்று கடிதத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்.

ஒரு மாலை, செம்பியன் முகமெல்லாம் பூரிப்பாக வந்தான்.

“நல்ல சேதி! பாங்காக்ல துணி வியாபாரம் பண்ற எங்க சித்தப்பா உங்க முதலாளிகிட்ட பேசிட்டாரு. ஒரு வருஷமெல்லாம் வேணாமாம். ஆறு மாசம் இருந்தாப் போதுமாம்!”

மணிமொழி காபியைக் கீழே வைத்தாள்.

“ஆறு மாசம் வரைக்கும் புது ஸ்கூல் எனக்காகக் காத்துக்கினு இருக்குமா? என் பேர்ல பேரம் பேச உங்களை யாரு கேட்டது? குறைச்சுப் பேசறதுக்கு இது புடவை விலை இல்லீங்க. என் வாழ்க்கை!”

விடுவிடுவென்று எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு அவன் போனை அவள் எடுக்கவே இல்லை.

ஆனால் அன்று பெரும்பாக்கம் போகும் பஸ்ஸில், ஜன்னலில் வழிந்த மழையைப் பார்த்தபடி யோசித்தாள். இதுவரை அவள் மட்டும் என்ன செய்தாள்? ‘தயவுசெய்து’, ‘தயவுசெய்து’ என்று மின்னஞ்சல்களில் கெஞ்சினாள்... அவ்வளவுதானே?

மறுநாள் காலை முதலாளிக்கு வீடியோ கால் போட்டாள். ஆங்கிலத்தில், தடுமாறாமல் பேசினாள். ஒப்பந்தப்படி, விலகுவதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பரீட்சை முடியும்வரை பாடம் நடத்திக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடிதம் என் உரிமை, உங்கள் தயவு அல்ல. இன்று மாலைக்குள் வரவில்லை என்றால், அங்குள்ள தொழிலாளர் துறைக்கு என் புகார் போகும்.

திரையில் இருந்த புன்னகை மெல்ல மறைந்தது.

“இன்னாடி சொன்னான் அந்தாளு?” என்றாள் செண்பகம், கரண்டியும் கையுமாக.

“யோசிக்கிறானாம்...”

மாலை மங்குவதற்குள் கடிதம் வந்தது. வேலை அனுமதி ரத்தானதற்கான தாளும் கூடவே வந்தது. டிசம்பரில் ஒரு மழைநாளில் விசாவும் வந்தபோது செண்பகம் போட்ட சத்தத்தில், மேல்மாடிக்காரர்கள் என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடி வந்தார்கள்.

மணிமொழிக்கு இதை உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம்? மனசுக்குத் தெரிந்த பதிலை மறைக்க முடியுமா...

நனைந்தபடியே கடைக்குள் நுழைந்தாள். கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டத்தின் நடுவே, செம்பியன் பிரித்த புடவையோடு எழுந்து நின்றுவிட்டான்.

“விசா கிடைச்சிடுச்சு! லெட்டரை நானே பேசி வாங்கிட்டேன்!”

அவன் முகம் மலர்ந்தது. உடனே தலை குனிந்தது.

“நான் பண்ணது தப்புங்க. உங்களுக்கு ஜெயிச்சுக் கொடுத்துட்டு உங்க முன்னாடி நிக்கணும்னு ஆசைப்பட்டேன்...”

“ஏன் அப்படி ஒரு ஆசை?”

“உங்களைப் பிடிச்சிருக்கு. அதான்...” குரல் இறங்கிவிட்டது. “நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருப்பேன்.”

“இங்கே எதுக்கு?” அவள் கண்களில் குறும்பு மின்னியது. “புது ஸ்கூல்ல இன்னொரு விசாவும் உண்டாம். என்னைக் கட்டிக்கிறவருக்கு.”

புடவைக் கூட்டம் சட்டென்று அவர்கள் பக்கம் திரும்பியது.

“அ... அந்த விசாவுக்குப் பேரு என்னங்க?”

“டிபெண்டன்ட். டீச்சரை நம்பி வந்தவர்னு அர்த்தம். வர்றீங்களா?”

செம்பியன் கையிலிருந்த புடவையைத் தலைகீழாக மடிக்க ஆரம்பித்தான். கல்லாவிலிருந்து பொன்ராஜின் குரல் அதிர்ந்தது.

“ஏல, அந்தப் புள்ள கேக்குதுல்லா? பதிலைச் சொல்லுல! புடவை எடுக்க வந்தவங்க எம்புட்டு நேரம் நிப்பாங்க?”

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவே, செம்பியன் அவள் கண்களை நேராகப் பார்த்துச் சொன்னான்.

“வர்றேன், டீச்சர். உங்களை நம்பித்தான் வர்றேன்...”