வேகம் குறையுது, சொல்லுங்க அண்ணா

சில நாட்களாக எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு விமானம் நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசை நாற்காலிகள் இரண்டை அக்கா அருகருகே போட்டிருந்தாள். எதிர்ச் சுவரில் விமானி அறையின் பெரிய படம். விமானத்தைத் திருப்பும் கம்பிக்குப் பதிலாக ஒரு நீளக் குடை. அப்பா தொலைக்காட்சியை அணைக்க வேண்டுமென்றால்கூட இல்லாத இறக்கையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். குறுக்கே போனால் அக்கா முறைப்பாள்.

அக்கா விமானப் படிப்பை முடித்து, ஓட்டுவதற்கான உரிமமும் வாங்கிவிட்டாள். ஆனால் வேலை கிடைக்க வேண்டுமே! நேர்முகத் தேர்வில் கேள்விகளோடு விட மாட்டார்கள். சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். அது நிஜ விமானத்தின் முன்பகுதி போலவே இருக்கும். எங்கேயும் பறக்காது, ஆனால் பறப்பது போலவே ஆடும், குலுங்கும். இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் வேகத்தையும் உயரத்தையும் கவனித்து, தவறினால் உடனே சொல்ல வேண்டும். தேர்வாளர் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன முறை அக்கா தோற்றுவிட்டாள். இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். இதிலும் தவறினால் அந்த நிறுவனத்தின் கதவு அடைத்ததுதான். தேர்வு திங்கட்கிழமை.

தேர்வில் அக்காவுக்கு ஜோடியாக உட்காரப்போகிற அண்ணன் சனிக்கிழமை காலை பயிற்சிக்கு வந்தார். நல்ல உயரம். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, நிலையிடமே “சாரி” என்றார். பிறகு காலில் தட்டிய முக்காலியிடமும் ஒரு சாரி. அந்த நொடியே அவருக்கு ‘சாரி அண்ணன்’ என்று பெயர் வைத்துவிட்டேன். மனசுக்குள்தான்.

தேர்வாளர் வேலை எனக்கு. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் வேகத்தையும் உயரத்தையும் எழுதி, இருவருக்கும் நடுவே நீட்டுவேன். எண்ணை அழித்துக் குறைத்து எழுதினால், விமானத்தின் வேகம் குறைகிறது என்று அர்த்தம்.

முதலில் அக்கா ஓட்டினாள். அவள் வரைபடத்தைப் பார்த்த நேரத்தில் நான் வேகத்தைக் குறைத்து எழுதினேன். அண்ணன் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க,” என்று ஆரம்பித்தார். “உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இருந்தாலும், இந்த வேகம் வந்து, கொஞ்சம்...”

“விழுந்தாச்சு,” என்று நான் பலகையைக் கவிழ்த்தேன்.

அடுத்து அண்ணன் ஓட்டினார். உயரத்தை ஏகத்துக்கு மாற்றி எழுதினேன். அக்கா வாயைத் திறக்கவே இல்லை. ஏன் என்று கேட்டால், அவர் தன்னைவிட அனுபவசாலியாம், அவரே பார்த்திருப்பார் என்று நினைத்தாளாம். விமானம் மறுபடியும் விழுந்தது. அன்று காலை எத்தனை முறை விழுந்ததென்று எனக்கே கணக்கு விட்டுப்போனது. ஒவ்வொரு முறையும் இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

தண்ணீர் குடிக்க அக்கா சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் கண் கலங்கியிருந்தது.

“போன தடவையும் இதேதான்டி,” என்றாள். “வேகம் குறைஞ்சதைப் பக்கத்துல இருந்தவர் பார்த்திருக்கார். சொன்னா நான் கோச்சுப்பேனோன்னு பேசாம இருந்துட்டாராம். ரெண்டு பேருமே ஃபெயில்.”

எனக்கும் அழுகை வந்தது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. அண்ணனுக்கும் தெரியாமல் இல்லை. அவர்களுடைய மரியாதைதான் விமானத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

பார்த்த உடனே சொல்லிவிடுங்கள் என்று இருவரிடமும் கெஞ்சினேன். கட்டாயம் சொல்கிறோம் என்று தலையாட்டினார்கள். அடுத்த சுற்றிலும் அண்ணன் மென்று முழுங்கினார். வாயால் சொல்லி நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

யோசித்தேன். ஒரு தம்ளரில், இனி ஒரு சொட்டுகூடக் கொள்ளாது என்கிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தேன். அக்காவின் கண்ணைத் துண்டால் கட்டி, தம்ளரைக் கையில் கொடுத்தேன். வழியில் முக்காலி, அப்பாவின் செருப்பு, என் பள்ளிப் பை எல்லாம் கிடந்தன. தண்ணீர் சிந்தாமல் அவள் அறையின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும். வழி சொல்ல வேண்டியது அண்ணன்.

இது எதற்கு என்று கேட்டார் அண்ணன். தேர்வாளரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்றேன்.

அக்கா நடந்தாள். “ஒரு நிமிஷம், மன்னிக்கணும், உங்களுக்கு முன்னால ஒரு...” அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் முக்காலி தட்டியது. தண்ணீர் முழுவதும், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் மடியில். அப்பா யாரையும் திட்டவில்லை. உடை மாற்றிக்கொண்டு வந்து, தூரமாக உட்கார்ந்தார்.

இரண்டாம் முறை தண்ணீர் அண்ணனின் காலுறைக்குள் போனது. மூன்றாம் முறை அவருக்கே பொறுமை போய்விட்டது.

“நில்லுங்க,” என்றார். அக்கா நின்றாள். “இடது பக்கம். இன்னும். இப்ப நேரா.”

ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அடுத்து அண்ணனின் கண்ணைக் கட்டினோம். வழி சொல்ல வேண்டியது அக்கா. தம்ளரையே நினைத்துக்கொண்டு நடந்தவர், நேராகச் சமையலறை வாசலுக்குப் போய்விட்டார். இன்னும் ஓரடி வைத்தால் நெற்றியில் நிலை.

“குனி!” என்று கத்தினாள் அக்கா.

அண்ணன் சட்டென்று குனிந்தார். தலை தப்பியது. இவ்வளவு பெரியவரை இப்படி அதட்டிவிட்டோமே என்று அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் துண்டை அவிழ்த்து, நிலையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க மட்டும் மரியாதையா சொல்லியிருந்தீங்கன்னா, இந்நேரம் எனக்குத் தையல் போட்டுட்டிருப்பாங்க,” என்றார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும்தான்.

மறுபடியும் விமானத்தில் ஏறினார்கள். நான் வேகத்தைக் குறைத்து எழுதியதுதான் தாமதம், “வேகம்,” என்றார் அண்ணன். “ஏத்துறேன்,” என்றாள் அக்கா. அவ்வளவுதான். சாயங்காலம் வரை தலைகீழாக நின்று பார்த்தேன். அவர்களைக் கவிழ்க்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது, அக்கா தேர்வை முடித்துவிட்டு ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சிமுலேட்டரில் நடுவானத்தில் ஓர் இன்ஜினை நிறுத்திவிட்டார்களாம். மணி அடிக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. அந்தக் களேபரத்தில் அக்கா வேகத்தைக் கவனிக்கவே மறந்துவிட்டாளாம்.

“அவர் ‘வேகம்’னு போட்ட சத்தத்துல தேர்வாளரே நிமிர்ந்து உட்கார்ந்துட்டார்,” என்றாள். “எனக்குக் கோவமே வரலைடி. அப்பாடான்னு இருந்துச்சு. நான் பார்க்காததைப் பார்க்கப் பக்கத்துல ஒருத்தர் இருக்காருன்னு.”

முடிவு என்ன என்று கேட்டேன். சாயங்காலம் சொல்வார்களாம்.

அம்மா வேலையிலிருந்து வந்து, தோள் பையைக்கூட இறக்காமல் நின்றார். ஃபோன் அடித்தது. அக்கா “சரி சார்” என்றாள். இன்னொரு “சரி சார்”. பிறகு “நன்றி சார்”. அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஃபோனை வைத்தாள். “கிடைச்சிடுச்சு,” என்றாள். “ரெண்டு பேருக்கும்.”

அம்மா பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அக்கா என் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே தூங்கிப்போனாள். எத்தனை நாள் தூக்கமோ! எனக்குக் கால் மரத்துப்போனது. ஆனாலும் அவளாக எழுந்திருக்கும் வரை நான் அசையவே இல்லை.