ஒன்பதாம் கட்டில், நல்ல கேஸ்

"அய்யோ... நாகப்பண்ணே!"

காலை ஏழு மணி. ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் நைட் ஷிப்ட் ஆட்களை உதிர்த்துக்கொண்டிருந்தன.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் அலறியவள் டாக்டர் ஷெர்லின்!

ஒன்பதாம் கட்டிலில் நாகப்பன். வாயோரம் ரோஜா நிற நுரை. உடம்பு ஜில்லிட்டிருந்தது.

ஷெர்லின் எம்.டி. பொது மருத்துவம், கடைசி வருஷம். ஒன்பது மணிக்கு அவளுக்குப் பிராக்டிகல். நோயாளியின் நெஞ்சில் ஸ்டெத் வைத்து, வியாதியைச் சொல்ல வேண்டும். இன்றைய பரீட்சைக்கு வைத்திருந்த நோயாளியே நாகப்பன்தான்!

நாலு நாள் ஸ்டடி லீவ் முடிந்து இப்போதுதான் வருகிறாள். எடை சார்ட்டைப் பார்த்தாள்.

நாலு நாளில் நாலு கிலோ ஏற்றம்!

"சிஸ்டர்! உடம்புல சேர்ற தண்ணியை வெளியேத்துற நீர் மாத்திரை இவருக்குப் போகவே இல்ல. நுரையீரல் பூரா தண்ணி!"

நர்ஸ் அன்னபுஷ்பம் தான் கையெழுத்துப் போட்ட மருந்து சார்ட்டை நீட்டினாள். "என் கையால குடுத்தேன் டாக்டர்... மாதா மேல சத்தியம்!"

"பொய்! குடுக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கொன்னுட்டீங்க அவரை!"

ஷெர்லினே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

அரை மணியில் வந்தார் இன்ஸ்பெக்டர் சண்முகசுந்தரம்.

"சொந்தக்காரங்க?"

"யாருமில்ல சார்" என்றாள் ஷெர்லின். "பிள்ளைப்பாக்கத்துல தனி ரூம். லோடிங் வேலை. இதயம் வீங்கிடுச்சுன்னதும் கான்ட்ராக்டர் நிறுத்திட்டான்."

"உங்களுக்கு ஏம்மா கண்ணுல இவ்ளோ தண்ணி?"

"நான் கத்துக்கிட்டதே இவர்கிட்டதான் சார்! சத்தம் தெளிவாக் கேக்குற 'நல்ல கேஸ்'னு தினம் பத்துப் பேர் வந்து இவர் நெஞ்சுல ஸ்டெத் வைப்போம். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. 'இன்னொரு தபா கேட்டுக்க டாக்டரம்மா'ன்னு மூச்சை இழுத்து விடுவாரு..."

இன்ஸ்பெக்டர் பிணத்தின் கழுத்தைப் பார்த்தார். கம்பெனி ஐ.டி. பை! வேலையை விட்டு நிறுத்தியபோதே கார்டைப் பிடுங்கியிருந்தார்கள். ஆனால் பை காலியாக இல்லை.

கவிழ்த்தார்.

எட்டு வெள்ளை மாத்திரைகள்!

"நாலு நாள்... வேளைக்கு ஒண்ணு, தினம் ரெண்டு!" அன்னபுஷ்பம் ஓவென்று அழுதாள். "நான் குடுத்தேன்னு சொன்னேனே!"

ஷெர்லின் மாத்திரை ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "முழுங்காம ஒளிச்சு வச்சிருக்காரா... ஏன்?"

"நான் சொல்றேன் சார்!"

பத்தாம் கட்டில் பிச்சையா எழுந்து உட்கார்ந்தார்.

"நாக்குக்கு அடியில வச்சுக்கினு, சிஸ்டர் போனதும் எடுத்துடுவான். இன்னாடா இதுன்னு கேட்டேன். 'டாக்டரம்மாவுக்குப் பரீட்சை கீது. தண்ணி வத்திட்டா நெஞ்சுல சத்தம் கேக்காதாம். நாலு நாள்தானே, தாங்கிக்கிறேன்'னான்."

"மடத்தனம்! எவன் சொன்னான் அவருக்கு இதை?" இன்ஸ்பெக்டர் சீறினார்.

பிச்சையா ஷெர்லினையே பார்த்தார்.

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது!

லீவில் கிளம்பிய அன்று... ஸ்டெத்தைச் சுருட்டிக்கொண்டே... விளையாட்டுக்குச் சிரித்துக்கொண்டே சொன்னது!

'நாகப்பண்ணே, பரீட்சைக்குள்ள தண்ணி வத்தவிட்றாதீங்க. அப்புறம் எனக்குக் கேக்க ஒண்ணுமே இருக்காது!'

ஷெர்லின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் சார்... நான்தான் கொன்னுட்டேன்!"

பிச்சையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழாதம்மா. சந்தோஷமாத்தான் இருந்தான். 'கம்பெனியில நான் ரிஜெக்ட் பீஸு பிச்சை, இங்க நான் நல்ல கேஸாம்'னு வார்டு பூரா சொல்லிக்கினு இருந்தான்."

வார்டு வாசலில் அட்டெண்டர் தலை தெரிந்தது. "டாக்டர், எக்ஸாமினர் வந்துட்டாரு... ஒன்பதாம் பெட் ரெடியான்னு கேக்குறாரு!"

ஷெர்லின் ஸ்டெத்தை எடுத்து, ஓசையே இல்லாத அந்த நெஞ்சில் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடித் தொப்பியை மாட்டினார். "யாரும் கொல்லலம்மா. இதுல கேஸே இல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க சார்..." என்றாள் ஷெர்லின். "எங்க வார்டுலயே நல்ல கேஸ் இவருதான்!"