ஒரு முனை குட்டையான நட்சத்திரம்

இரஞ்சிதத்துக்கு வயிறு எரிந்தது. காலையில் சாப்பிட்ட பாணையும் சம்பலையும் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் காரணம் கல்யாணி.

மெல்பேர்ணில், மல்கிரேவ் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பில் முன்பெல்லாம் இரஞ்சிதம் ஒருத்திதான் தமிழ்ப் பிள்ளை. ஆறு மாதத்துக்கு முன் மதுரையிலிருந்து கல்யாணி வந்து சேர்ந்தாள். ஓட்டத்தில் முதல், கணக்கில் முதல், கையெழுத்தோ முத்து முத்தாக இருக்கும். மிஸ் ஹார்ப்பர் வாயைத் திறந்தால் கல்யாணியின் பெயர்தான் வரும். அதையும் இரஞ்சிதம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பேப்பர்வெயிட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரஞ்சிதத்திடமும் ஒன்று இருந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கித் தந்தது. உருண்டையான கண்ணாடி. உள்ளே பார்த்தால் குட்டிக் குட்டியாய் நூறு பூக்கள். அதைக் கல்யாணிக்குக் காட்டிப் பெருமைப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கல்யாணியும் அதேபோல் ஒன்றைக் கொண்டுவந்தாள்! அவள் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஸ்கொட்லாந்து டொக்டர் கொடுத்தாராம். அடியில் ஒரு வட்டக் கடதாசி ஒட்டியிருந்தது. அதில் ‘கிளென்வார்டி, ஸ்கொட்லாந்து’ என்று பொன்னெழுத்தில் அதைச் செய்த பட்டறையின் பெயர்.

இரஞ்சிதத்தின் பேப்பர்வெயிட்டின் அடியில் ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் கண்காட்சி. ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் அதைச் செய்தவர் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று மிஸ் ஹார்ப்பர் சொல்லியிருந்தார். பெயர் தெரிந்தவற்றில் சிறந்தது ஒரு பள்ளித் தவணை, பத்து வாரம் முழுவதும் நூலகத்துக் கண்ணாடி அலுமாரியில் இருக்கும்.

அதனால் இரஞ்சிதம் நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தாள். உள்ளே இருக்கும் பூக்களை எப்படிச் செய்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. வண்ணக் கண்ணாடியைச் சூடாக்கி, அச்சில் அமுக்கி, நீளக் குச்சியாக இழுப்பார்களாம். ஆறியதும் அதைச் சிறு சிறு துண்டாக நறுக்குவார்களாம். வெண்டிக்காய் நறுக்குவது மாதிரித்தான். எந்தத் துண்டைப் பார்த்தாலும் அதே பூ.

ஒவ்வொரு பட்டறைக்கும் அச்சு வேறு. அச்சில் ஒரு குறை இருந்தால் அதிலிருந்து வரும் பூக்கள் எல்லாவற்றிலும் அந்தக் குறை இருக்கும். கடதாசி இல்லாவிட்டாலும் பூவைப் பார்த்தே பட்டறையைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்காகப் பக்கம் பக்கமாகப் பெரிய படங்கள் இருந்தன.

பூதக்கண்ணாடியை வைத்து இரஞ்சிதம் ஏழு தரம் தேடினாள். அவளுடைய பூக்கள் எந்தப் படத்திலும் இல்லை. இருந்தும் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்தாள். கல்யாணி கண்ணில் மட்டும் அது படக் கூடாது! தேடித் தோற்றது அவளுக்குத் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை சரஸ்வதி பூசை. இரண்டு குடும்பமும் இரஞ்சிதத்தின் வீட்டில் கூடியது. பள்ளிக்கூடப் புத்தகங்களோடு இரண்டு பேப்பர்வெயிட்டுகளையும் சாமிக்கு முன் வைப்பதாக ஏற்பாடு. வைப்பதற்கு முன், இரஞ்சிதத்தின் அம்மா சிவனேஸ்வரி இரண்டையும் சுடுதண்ணீரில் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார்.

“ஐயோ அம்மா! என்ன செய்தனீங்கள்?”

“சாமிக்கு வைக்கிற சாமானைக் கழுவாமல் வைக்கலாமோ?”

“அதில ஒட்டியிருந்த கடதாசி எங்கை?”

“விலைச் சீட்டெண்டு நினைச்சன். கூழாப் போச்சு பிள்ளை. தண்ணியோட ஊத்திப்போட்டன்.”

கல்யாணியின் முகம் வாடிப்போனது. ஆனாலும், “பரவால்ல ஆன்ட்டி,” என்றாள்.

உள்ளதைச் சொல்வதானால், இரஞ்சிதத்துக்கு வாயெல்லாம் சிரிப்பு வந்தது. அதை மறைக்க இருமினாள்.

பூசை முடிந்தது. அன்றைக்குப் புத்தகம் படிக்கக் கூடாது, சாமிக்கு வைத்ததைக் காலையில்தான் எடுக்க வேண்டும். கல்யாணி வீட்டார் வெறுங்கையோடு போனார்கள். வீட்டிலிருந்த புத்தகங்களில் பூசைக்கு வராதது தலையணைக்குக் கீழே இருந்தது மட்டும்தான்.

இரஞ்சிதம் அதை மெல்ல எடுத்து வந்து, சாமிக்கு முன் குப்புறப் படுத்தாள்.

“இண்டைக்குப் படிக்கக் கூடாது!” என்று குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா குரல் கொடுத்தார்.

“படிக்கேல்லையம்மா. படம்தான் பாக்கிறன்.”

கல்யாணியின் பேப்பர்வெயிட்டைத் தொடாமல், உச்சியில் இருந்த சந்தனப் பொட்டைச் சுற்றி எட்டிப் பார்ப்பதற்குள் கழுத்து வலித்தது. பூக்களில் ஒன்று நீல நட்சத்திரம் போல இருந்தது. அதற்கு எட்டு முனைகள், ஒன்று மட்டும் குட்டை. பக்கத்தில் இன்னொரு நீல நட்சத்திரம், அதிலும் ஒரு முனை குட்டை. புத்தகத்தைப் புரட்டினாள். கிளென்வார்டிப் பக்கத்திலும் அதே நட்சத்திரம், அதே குட்டை முனை!

இனிக் கடதாசியே தேவையில்லை. ஆனால் அது இரஞ்சிதத்துக்கு மட்டும்தானே தெரியும்? அவள் புத்தகத்தை மூடி மறுபடியும் தலையணைக்குக் கீழே தள்ளினாள்.

காலையில் கல்யாணி வந்தாள். கையில் புது அட்டை. ‘செய்தவர் தெரியாது’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள்.

“டாக்டர் அங்கிள் சொன்னாருன்னு பழைய மாதிரியே எழுதலாமே?” என்று கேட்டார் அவளைக் கூட்டி வந்த அவள் அம்மா.

“காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லையேம்மா. பொய்னு நெனச்சிட்டா?” என்றாள் கல்யாணி. பிறகு இரஞ்சிதத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். “இப்ப உன்னுதும் என்னுதும் ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாமா? எனக்குத் தனியா நிக்கப் பயமா இருக்கு.”

எல்லாவற்றிலும் முதலாக வருகிறவளுக்குப் பயமா! இரஞ்சிதத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளும் இவள்மேலா பொறாமைப்பட்டோம் என்று நினைத்தாள். ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

“இஞ்ச பார். இந்த முனை குட்டை. உன்ரையிலயும் குட்டை. இது கிளென்வார்டிதான்.”

கல்யாணி மூக்கு படும்படி குனிந்து பார்த்தாள். “ஆமா! எப்பக் கண்டுபிடிச்ச?”

“நேற்று,” என்றாள் இரஞ்சிதம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “நேற்றே சொல்லியிருக்கலாம். நான்தான் சொல்லேல்லை,” என்றாள்.

கல்யாணி அந்தக் குட்டை முனையை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு அட்டையைத் திருப்பி, ‘கிளென்வார்டி’ என்று எழுதினாள். அதற்குக் கீழே, ‘கண்டுபிடித்தவர்: இரஞ்சிதம்’ என்றும் எழுதினாள்.

அன்று வகுப்பு முழுவதும் பூதக்கண்ணாடிக்கு வரிசையில் நின்றது. குட்டை முனையை மிஸ் ஹார்ப்பரும் இரண்டு தரம் பார்த்தார். கல்யாணியின் பேப்பர்வெயிட் கண்ணாடி அலுமாரிக்குள் போனது. அந்த நேரம் இரஞ்சிதத்துக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று சொன்னால் அது புளுகு. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

மணி அடித்ததும் கல்யாணி அவளிடம் வந்தாள். “உன்னுதைச் செஞ்சது யாரு?”

“தெரியாது. ஏழு தரம் பாத்தனான்.”

“நான் ஒரு தடவைகூடப் பாக்கலையே!”

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. இரஞ்சிதம் அதையும் தன் பேப்பர்வெயிட்டையும் எடுத்துக் கல்யாணியின் பைக்குள் வைத்தாள்.