தள்ளுபடி ஆகமமும் ஆள்காட்டியும்

ஆள்காட்டி என்ற கருவி விற்பனைக்கு வந்த வருடம் பாளையங்கோட்டையில் மூன்று கல்யாணங்கள் மாப்பிள்ளை மாறி நடந்தன. காதல் கடிதத்தை அதனிடம் காட்டினால் போதும், உண்மையில் எழுதியவன் யார் என்று சொல்லிவிடும். பெண்கள் எழுதியவனையே கட்டிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் நல்ல காரியம்தான்.

சொற்களைக் கோக்கும் விதம் கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும். அதைப் பிடித்து, ஒரே பக்கத்தில் எத்தனை பேர் எழுதியிருந்தாலும் ஆளுக்கொரு நிறம் பூசிக் காட்டியது அந்தக் கருவி. மேடைப் பேச்சுகளையும் அது சோதிக்கத் தொடங்கியதும் பல தலைவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

முனைவர் பியூலா சற்குணம் படித்ததெல்லாம் தள்ளுபடி ஆகமங்கள். புடவைக் கடைத் தள்ளுபடி அல்ல. பழங்கால யூதர்களும் ஆதிக் கிறிஸ்தவர்களும் எழுதி, வேதாகமத்தில் இடம் கிடைக்காமல் போன நூல்கள். பெரிய மனிதர்களின் பெயரில் வேறு யாரோ எழுதியவையே அதிகம். அவற்றில் ‘நோவாவின் மருமகள் நூல்’ என்று ஒன்று. அதில் தேவதூதன் சொல்கிறான்: “அப்பம் கருகுகிறது, எழுந்திரு.” அப்பம் என்பது உலகம், கருகுவது ஊழிக்காலம் என்று நானூறு பக்கம் எழுதித்தான் பியூலா துறைத்தலைவர் ஆனார்.

இப்போது ஆய்வுக் கழகம் எல்லா ஏடுகளையும் ஆள்காட்டியிடம் காட்டச் சொல்லிவிட்டது. அப்பம் கருகும் வரி யாரோ இடையில் செருகியது என்றால் பதவி போய்விடும். பதவியைவிட அந்த வரி போய்விடுமே என்றுதான் பியூலாவுக்குப் பயம்.

ஏட்டைக் காட்டினார். பக்கம் முழுவதும் நீலம். அந்த ஒரு வரி மட்டும் சிவப்பு. ‘வேறு ஆள். ஓரத்தில் எழுதியது. நோக்கம்: சாப்பிடக் கூப்பிடுதல்.’

படியெடுத்தவன் வேலையில் மூழ்கிக் கிடந்திருக்கிறான். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன யாரோ ஏட்டின் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார்கள். அடுத்துப் படியெடுத்தவன் அதை விடுபட்டுப்போன வசனம் என்று நினைத்து, தேவதூதன் வாயில் போட்டு உள்ளே சேர்த்துவிட்டான்.

“நானூறு பக்கமும் அடுப்புக்குள்ள போச்சுங்க” என்று கணவர் இன்பராஜிடம் சொல்லி அழுதார் பியூலா.

ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவது என்று முடிவு செய்தார். அதற்கும் ஒரு விதி இருந்தது: அது முழுக்க அவர் எழுதியதுதான் என்று ஆள்காட்டி சான்று தர வேண்டும். வீட்டுக் கூடத்திலேயே சோதித்தார். நானூறு பக்கமும் பச்சை. கடைசி வரி மட்டும் மஞ்சள்.

“வெந்தது போதும், இறங்கி வா.”

உலகம் வெந்து தவித்தது போதும், ஆண்டவரே இறங்கி வாரும் என்ற மன்றாட்டாக ஊரே கொண்டாடிய வரி. காலண்டர்களில் அச்சாகி, பாட்டாகி, ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஒலிப்பது. எப்போது எழுதினோம் என்று பியூலாவுக்கே ஞாபகம் இல்லை. ஆவியானவர் எழுத வைத்தார் என்று நம்பியிருந்தார்.

‘எழுதியவர்: இன்பராஜ்’ என்றது ஆள்காட்டி.

“என்னங்க இது?”

இன்பராஜ் தலையைச் சொறிந்தார். “நீ மாடியில உக்காந்து எழுதிக்கிட்டே கெடந்தே. கூப்பிட்டா காதுல விழல. அதான் கீழ இருந்து போன் வழியா, நீ எழுதிக்கிட்டிருந்த பக்கத்துலயே அடிச்சு விட்டேன். புட்டு வெந்து அரைமணி நேரம் ஆச்சுலா?”

“பாட்டாப் பாடினப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?”

“அத்தனை பேரு அழுதுக்கிட்டுப் பாடுதாங்க. புட்டுன்னு எப்படிச் சொல்லுவேன்?”

பியூலா சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. இரண்டு சோதனை முடிவுகளையும் மறைக்காமல் கழகத்துக்கு எழுதினார். கழகம் பதவியைத் தொடவில்லை. கழகத்தில் விசாரிக்க வேண்டிய ஏழு பேரும் தங்கள் புத்தகங்களில் அந்தப் புட்டு வரியை மேற்கோள் காட்டி, தலா பத்துப் பக்கம் விளக்கமும் எழுதியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் சபையாரிடம் நடந்ததைச் சொன்னார். “பாட்டை எடுத்துரலாமா?” என்று கேட்டார்.

பாடகர் குழுவிலிருந்து கிரேஸ் மரகதம் எழுந்தார். “எதுக்குங்கய்யா? ஆண்டவர் வந்தா நம்ம வீட்டுல சாப்பிட மாட்டாரா?”

ஆலயமே சிரித்தது. பிறகு முந்நூறு பேரும் பாடினார்கள். இத்தனை வருடம் வாயை மட்டும் அசைத்த இன்பராஜ், சுருதி எங்கோ போக, எல்லோரையும்விட உரக்கப் பாடினார். அந்த வரியால் கூப்பிடப்பட்ட ஆள் தான்தான் என்று தெரிந்து பியூலா அன்றுதான் முதல்முறையாக அதைக் கேட்டார். சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. கூடவே நல்ல பசியும் எடுத்தது.