அத்திமரத்து முகம்

பின்வாசலில் கணவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். மருத்துவமனையில் பகல் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் அப்படியே நின்றாள். வார்த்தைகள் பிடிபடவில்லை, குரல் பிடிபட்டது. கல்யாணமான புதிதில், விளக்கை அணைத்த பிறகு, அவளுக்கென்றே அவன் வைத்திருந்த குரல். ஆறேழு வருடமாக அதை அவள் கேட்கவில்லை.

எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவனும் அத்திமரமும்தான்.

கதவு, அலமாரி செய்கிற தச்சன் அவன். ஊர்ப் பூங்காவில் நிற்கிற மரங்களில் முகங்கள் செதுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கை பழகுவதற்காக வீட்டுப் பின்புற அத்தியில் உளியை வைத்திருந்தான். பட்டையை உரித்து, ஆள் உயரத்தில் ஒரு பெண் முகம். பாதி மூடிய கண்கள். ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் லேசாகப் பிரிந்த உதடுகள்.

"யாரு இவ?" என்று முகம் முடிந்த அன்றைக்கே கேட்டாள்.

"யாருமில்ல. கை போன போக்கு."

"கை போறதுக்கு ஒரு ஆள் வேணுமே."

சிரித்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு தெருவில் ஒரு மூக்கைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரி, ஆணி வாங்கும் கடையில் பில் போடுகிற பெண், அவனுடைய மாமன் மகள் என்று எல்லோரையும் உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போயிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவள் என்பதால் பேசுவதற்கு அவளிடம் நியாயம் இருந்தது.

"உயிரோட நிக்கிற மரங்க. உரிச்சா அதுக்கு மட்டும் வலிக்காதா?"

"தினமும் கத்தரிக்காய் நறுக்கலையா நீ?"

"நறுக்கித் திங்கிறோம். அழகு பாக்கறதுக்காக நிக்க வெச்சு அறுக்கல. வேணும்னா செத்த கட்டையில செதுக்குங்க. யாரு வேண்டாம்னா?"

எழுந்து மரத்தடிக்குப் போய்விட்டான். சரியாகத்தான் சொன்னோம் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த இடத்தில் அவன் ஒரு குதிரையைச் செதுக்கியிருந்தால் தான் வாயே திறந்திருக்க மாட்டோம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சாயங்காலமானால் அந்த முகத்தில் பால் கசியும். புளித்த மாவும் ஈரத் துணியும் கலந்தாற்போன்ற அதன் வாசனை கொடியில் காயும் துணிகளிலும், தலையணை உறையிலும், கடைசியில் அவன் கழுத்திலும் வந்து படிந்தது. அவள் வாங்கி வைத்த கட்டுத்துணியைக் கிழித்து நெற்றி, கன்னம், உதட்டோரம் என்று கட்டைவிரலால் ஒற்றி ஒற்றி எடுப்பான். போன மாதம் கொதிநீர் பட்டு அவள் கை கொப்பளித்தபோது, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "மருந்து போட்டியா?" என்று கேட்டதோடு சரி.

பூங்காவில் கிளை கழிக்கிற ஆளை ஒருநாள் கூட்டிவந்தாள். அவ்வளவு உயரம், பெற்ற பிள்ளைகள்கூட 'ஏணி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மரத்துக்குப் புண் ஆறாதும்மா, மூடிக்கும்" என்றார் அவர். "சுத்தி இருக்கிற பட்டை உருண்டு வந்து, உள்ள என்ன இருந்தாலும் அப்படியே வெச்சு மூடிடும். கம்பிவேலியை முழுங்கின மரமெல்லாம் நான் பாத்திருக்கேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாளா? வருஷக்கணக்குல ஆகும்." காயத்தின் ஓரத்தில் திரண்டிருந்த பட்டையைத் தொட்டவர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இது எப்போ செதுக்கினது?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

கொடுத்த டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

மூடட்டும் என்று நினைத்தாள் அவள். சீக்கிரம் மூடட்டும். புண் அளக்கிற காகித அளவுகோலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, அவன் இல்லாத நேரத்தில் அளந்தாள். பத்தொன்பது சென்டிமீட்டர். அடுத்த வாரம் பதினாறு. அதற்கடுத்த வாரம் பதினொன்று. நெற்றி போனது. கண்கள் போயின. எண் குறையக் குறைய வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள்.

வாய் மட்டும் மூடவில்லை. சுற்றிலும் பட்டை திரண்டு, அவன் செதுக்கியதைவிடத் தடித்த உதடுகளாகப் புடைத்து நின்றது.

"ஆழமாயிட்டே போகுது" என்றான் அவன், விரலை உள்ளே விட்டபடி. "நான் இவ்வளவு ஆழமாச் செதுக்கவே இல்ல." அதை அவன் சந்தோஷமாகச் சொன்னதுதான் அவளுக்கு எரிந்தது.

மறுநாள் அவன் வெளியே போன சமயம், ஆழமான புண்ணில் திணிப்பதுபோல் கட்டுத்துணியைச் சுருட்டி அந்த வாய்க்குள் திணித்தாள். ஒரு சுருள். இரண்டு. நான்கு. நிரம்பவில்லை. ஐந்தாவது சுருளின் நுனி அவள் விரல்களுக்கிடையில் இருந்தது. அது நகர்ந்தது.

இழுக்கப்பட்டது.

மெதுவாக. அவசரமே இல்லாமல். கையை விட்டாள். நுனி உள்ளே போய் மறைந்தது.

அன்று சாப்பிடும்போது சொன்னாள். "நாளைக்கு ஏணியை வரச் சொல்லிட்டேன். மரத்தை வெட்டியாகணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஒரு மரத்து மேல போய் உனக்குப் பொறாமையா?"

"ஆமா."

நியாயம் எதையும் போர்த்திக்கொள்ளாமல் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அவன் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தான். பிறகு, "சரி. கடைசியா ஒருதரம் துடைச்சு விட்டுடறேன்" என்றான். அந்தப் பழைய குரலில். அவளிடம்.

அதில் அவள் இளகிப்போனாள். மறுநாள் வேலையிலேயே மனம் நிற்கவில்லை. அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு உச்சிவெயிலில் வீடு திரும்பினாள். மூன்று மணிக்கு ஏணி ரம்பத்தோடு வருவார்.

பின்கதவு திறந்திருந்தது. புளித்த பால் வாசனை. காக்கைகூடக் கத்தவில்லை.

அவன் மரத்தில் கன்னம் வைத்துச் சாய்ந்திருந்தான். வலது கை முழங்கைவரை அந்த வாய்க்குள் இருந்தது.

"எடுங்க கைய!"

"ஷ்... மெதுவாப் பேசு." கண் திறக்கவில்லை. "கையைப் பிடிச்சிருக்கா."

ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. முழங்கையைச் சுற்றிப் பட்டை இறுகியிருந்தது. விரல் நகம் நுழைய இடமில்லை. தோலும் பட்டையும் எங்கே சேர்கின்றன என்று தடவிப் பார்த்தாள். எத்தனையோ புண்ணின் ஓரம் பார்த்த விரல்கள். தெரியவில்லை.

"வலிக்குதா? சொல்லுங்க, வலிக்குதா?"

அவன் சிரித்தான்.

தடித்த உதடுகள் ஓரத்தில் லேசாகப் பிரிந்தன. பால் வழிந்தது. பாலோடு ஏதோ மெல்ல முன்னுக்கு வந்தது. நாக்கு நுனியால் கல்லைத் தள்ளுவதுபோல. மஞ்சளாக. வட்டமாக.

அவனுக்கு அவள் போட்டுவிட்ட கல்யாண மோதிரம்.

உதட்டில் ஒரு கணம் நின்றது. பிறகு அவள் காலடியில் விழுந்தது. உதடுகள் அவன் கையைச் சுற்றி மறுபடி மூடிக்கொண்டன.