பிணமே, கொஞ்சம் ஆடாதே!

பிணத்துக்கு மூக்கு அரித்தது.

கழுத்தில் ரோஜா மாலை. நெற்றி நிறைய விபூதி. காவி வேட்டி, ஒட்டுத் தாடி. தலைமாட்டில் ஊதுவத்தி... செங்கம் ரோட்டு வாடகை அறையின் சிமென்ட் தரையில் மல்லாந்து கிடந்தது பிணம்.

"ஆடாதீங்க!" கேமராவுக்குப் பின்னாலிருந்து அதட்டினாள் ராஜமதி.

"புகை மூக்குல ஏறுதும்மா..."

"செத்தவங்க பேசக்கூடாது!"

க்ளிக்!

அப்பாதுரை எழுந்து உட்கார்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. நாடக மேடையில் பாதி ஆயுசு போயாச்சு. மந்திரி, போலீஸ்காரர், வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன்... சினிமாவில் கிடைத்த முதல் சான்ஸ், பிணம்!

"பிரமாதம்!" என்றான் சினிமா கம்பெனி மேனேஜர் சின்னசாமி. "கதைப்படி இது ஹீரோவோட அப்பா. சன்னியாசியா போய் செத்துட்டாரு. வீட்டுச் செவுத்துல மாட்டறதுக்கு இந்தப் போட்டோ."

"படத்துல நான் வேற எங்கயும் வரமாட்டேனா?"

"செத்தவன் எப்டிய்யா வருவான்?"

நியாயமான பதில். அப்பாதுரை தாடியைப் பிய்த்தார். கூடவே கொஞ்சம் தோலும் வந்தது.

இந்தச் சான்ஸுக்கு ராஜமதிதான் காரணம். புருஷன் காலமானபின் தேரடி வீதி ஸ்டூடியோவைத் தனியாக நடத்துகிறவள். மெட்ராஸ் கம்பெனிகளுக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டும் என்று போன மாதம் அவளிடம் போனபோது, அப்பாதுரை முகம் முழுக்கப் பவுடர். மீசைக்கு மை. மோவாயில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"மேல பல்லியா இருக்கு?" என்றாள் ராஜமதி.

"போஸும்மா!"

"பழைய போட்டோவுலயும் இதே போஸ்தானா? எவனாவது பதில் போட்டானா?"

"இல்ல."

"போட மாட்டான். போட்டோவைப் பாத்து ஆளைக் கூப்பிடறான். வாசல்ல வேற ஆள் வந்து நின்னா? பவுடரைத் தொடைங்க. மையையும்."

"அப்புறம் மூஞ்சியில என்னாம்மா மிஞ்சும்?"

"நீங்க மிஞ்சுவீங்க. களைப்பா இருக்கா?"

"ரொம்ப."

"அப்ப களைப்பாவே என்னைப் பாருங்க."

க்ளிக்!

அந்தப் படத்தை ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டியில் மாட்டினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் சின்னசாமி உள்ளே நுழைந்தான். "இந்த மூஞ்சிதான் வேணும்!" என்றான்.

பிணப் போட்டோ எடுத்து ஒரு வாரம் போயிருக்கும். நாடகக் குழுவின் அறையில் போன் அலறியது.

ராஜமதி!

"அப்பாதுரை அண்ணே... நீங்க செத்துட்டீங்களாம். உங்க சம்சாரம் இங்க வந்து அழுதுட்டிருக்காங்க."

"எனக்குக் கல்யாணமே ஆகலையேம்மா!"

"சீக்கிரம் வாங்க!"

ஓடினார். ஸ்டூடியோ பெஞ்சில் ஒரு பெண்மணி. நூல் புடவை, வெயிலில் கறுத்த முகம். மடியில் அந்தப் பிணப் போட்டோ. பின்பக்கம் ராஜமதியின் ஸ்டூடியோ முத்திரை. அதை வைத்துத்தான் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அப்பாதுரையைப் பார்த்தாள்...

வீலென்று அலறினாள்!

கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். அலறல் அடங்கியது.

"இல்ல... கண்ணு மூடியிருந்தா அவரேதான். தொறந்தா வேற ஆளு."

"நீங்க யாரும்மா?"

"ஜோதியம்மாள். செங்கம் பக்கம். எங்க வீட்டுக்காரரு சகாதேவன், சன்னியாசியா போறேன்னு பூட்டாருன்னு என் கொழுந்தன்தான் வந்து சொன்னான். எட்டு வருசமாச்சு. நெலம் அவரு பேர்ல கீது. எழுதிக் குடு, எழுதிக் குடுன்னு ஒரே ரோதனை. அவரு வரட்டும், வந்து சொல்லட்டும்னு நான் மாட்டேன்னுட்டேன். இப்ப இந்தப் போட்டோவக் காட்டி, செத்துட்டாரு, கையெழுத்துப் போடுன்றான்..."

"கொழுந்தன் பேரு?"

"சின்னசாமி."

கம்பெனி மேனேஜர்! அப்பாதுரைக்குப் புரிந்தது. கம்பெனியும் இல்லை, படமும் இல்லை. இந்த முகத்தை வைத்து ஒரு பொம்பளையின் தாலியை அறுக்கப் பார்த்திருக்கிறான்!

"நெகடிவ் வாங்க இப்ப வருவான்," என்றாள் ராஜமதி மெதுவாக.

வந்தான்.

கதவைத் தள்ளியவன், அண்ணியைப் பார்த்தான். அப்பாதுரையைப் பார்த்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"ஓஹோ... எல்லாம் தெரிஞ்சிபோச்சா?"

"ஏன்டா இப்டிப் பண்ணே?" ஜோதியம்மாளின் குரல் உடைந்தது.

"பின்ன? உங்க 'வரட்டும், வரட்டும்'க்கு ஒரு முடிவு வேணாமா அண்ணி? எங்கயாவது செத்துதான் இருப்பான்." அப்பாதுரை பக்கம் திரும்பினான். "யோவ், போலீஸுக்குப் போலாம்னு பாக்காதே. போட்டோல இருக்கறது உன் மூஞ்சி! வேசம் கட்டுனவன் நீ! கம்பி எண்ணப்போறவனும் நீ!"

உண்மைதான். அப்பாதுரைக்குப் பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் ஜோதியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்... புருஷன் சாயல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. வாய் தானாகப் பேசியது.

"உங்க அண்ணன் சாகல தம்பி."

"இன்னாது?"

"நேத்து கிரிவலப் பாதையில, அடி அண்ணாமலையில பார்த்தேன். ஒரு டீக்கடை வாசல்ல. கண்ணாடி பார்த்த மாதிரி ஆயிடுச்சு எனக்கு."

"பொய்!"

"'என் தம்பி எப்டி இருக்கான்'னு கேட்டாரு."

"பொய் சொல்லாதய்யா!" சின்னசாமியின் நெற்றியில் வேர்வை பூத்தது.

"நாளைக்கு ஊருக்கு வர்றாராம். உன்னைத்தான் மொதல்ல பாக்கணுமாம்."

"எப்டிடா வருவான்? கல்லைக் கட்டிக் கெணத்துல எறக்குனவன் எப்டிடா எந்திரிச்சு வருவான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே சின்னசாமிக்கு உறைத்தது. வாய் திறந்தபடி நின்றது.

ஜோதியம்மாள் அழவில்லை. எழுந்து அவன் எதிரே போய் நின்றாள்.

"எந்தக் கெணறு?"

"அண்ணி... அது வந்து..."

"எந்தக் கெணறுடா?"

"அதையேதான் நானும் கேக்கறேன்," என்றது இன்னொரு குரல்.

படம் கழுவுகிற இருட்டறையின் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம் வெளியே வந்தார்!

சின்னசாமி பாய்ந்தான். அவனே போட்ட தாழ்ப்பாள் உடனே திறக்க வரவில்லை. திறந்தபோது வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"மொத போன் உங்களுக்குப் பண்ணல அண்ணே," என்றாள் ராஜமதி. "ஸ்டேஷனுக்குப் பண்ணேன்."

ஜோதியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருஷம் வாசலைப் பார்த்தவள். இனி பார்க்க வேண்டாம். கை மட்டும் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அப்பாதுரை ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"உங்களாலதான் தெரிஞ்சது," என்றாள் அவள். "தெரியாமயே செத்திருப்பேன்."

அப்பாதுரை எத்தனையோ மேடையில் நடித்திருக்கிறார். கைதட்டல் இல்லாமல் ஒருவர் நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "அப்பாதுரை, வேஷம் போட்டதை விவரமா எழுதிக் குடுங்க. உங்களை ஏமாத்திட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லணும்."

"வர்றேன் சார். ஒரே ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"வசனத்தை மட்டும் நீங்க எழுதிக் குடுக்காதீங்க. இன்னிக்கு மாதிரி நானே பேசிக்கறேன்!"