ஈர நாளில் அடித்த பிரைமர்

குட்டிப் பொம்மை வீரர்கள் விற்கும் கடையில், வர்ணம் பூசுமுன் அடிக்கிற சாம்பல் நிறப் பிரைமர் ஸ்பிரே ஒன்றே ஒன்றுதான் அலமாரியில் மிச்சம். பிலிப்பா அதைப் பிடித்த அதே நொடியில் இன்னொரு கையும் வந்து பற்றியது. நிமிர்ந்தாள். மழையில் நனைந்த தலைமுடி... அதற்குக் கீழே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த பழுப்புக் கண்கள்.

"நான்தான் முதல்ல எடுத்தேன்."

"தாராளமா எடுத்துக்கங்க. ஆனா இன்னிக்கு அடிச்சிடாதீங்க. இந்த ஈரத்துல பொம்மை மேல மணல் மாதிரி சொரசொரன்னு உக்காந்துடும்."

"டப்பா வேணும்னா நேராவே கேக்கலாமே. எதுக்கு இந்தக் கதை?"

"சரிங்க, நான் ஒண்ணும் சொல்லல. என் பேரு ரூபர்ட். மணலா வந்தா சொல்லுங்க."

திமிர் பிடிச்ச கண்ணு... என்று திட்டிக்கொண்டே போனாள். அந்தக் கண்கள் வீடுவரை கூடவே வந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

நாட்டிங்காமுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடையாது. வியாழக்கிழமை மாலைகளில் கடையின் பின்னறையில் குட்டிப் படைகளை நிறுத்திப் போர் விளையாட்டு நடக்கும். வர்ணம் பூசாத படைக்கு அங்கே இடமில்லை. அந்த மேசையில் தனக்கும் ஓர் இடம் வேண்டுமென்று அத்தனை ஏக்கம் அவளுக்கு. வீம்பு வேறு. மழை விடுமுன்பே தோட்டக் கொட்டகையில் வைத்து அடித்துவிட்டாள்.

காய்ந்ததும் தடவிப் பார்த்தால்... குள்ள வீரர்களின் முகமெல்லாம் உப்புத்தாள். மூக்கு எது, தாடி எது, தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

வியாழனன்று வீராப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனாள். பெட்டியைத் திறந்து, பின்னறையில் படையை அடுக்கிக்கொண்டிருந்த ரூபர்ட் முன்னால் நீட்டினாள்.

"மணலாத்தான் வந்துச்சு. சிரிச்சுக்கங்க."

அவன் சிரிக்கவில்லை. "என் முதல் படையும் இப்படித்தான் பாழாச்சு. அதான் சொன்னேன். ஸ்பிரிட்டுல ஊறவச்சுப் பல் பிரஷ்ஷால தேச்சா போயிடும்."

"இன்னிக்கு ஆட முடியாதே... நான் கிளம்பறேன்."

"இருங்க."

தன் படையில் பாதியை அவள் பக்கம் நகர்த்தினான். அறையே திரும்பிப் பார்த்தது. அடுத்தவர் வர்ணம் பூசிய பொம்மையைக் கேட்காமல் தொடுவதே அங்கே பெருங்குற்றம். ரூபர்ட்டோ கேட்டாலும் தொட விடாதவன்.

"எனக்கு ஒரு குதிரையக்கூடத் தரமாட்டியேடா, பாவி" என்றார் பக்கத்து மேசை டெரன்ஸ்.

அவன் காது சிவந்துபோனது.

"கீழ விழுந்து உடைஞ்சா?" என்றாள் பிலிப்பா மெதுவாக.

"உடைஞ்சா ஒட்டிக்கலாம். நீங்க எழுந்து போயிட்டா நான் என்ன பண்றது? எனக்கு... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். ஒரு வீரனை விரல் நுனியால் பதமாக எடுத்தாள்.

"எனக்கும்தான்..." என்றாள்.